பவளக்கொடி மீண்டும் ஊருக்கு வரும்போது: பார்வையாளர்களின் கருத்தைப் பதிவு செய்யும் முறை

சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) இசை நாடகங்களைப் புதிதாக மேடையேற்றி ஊர் ஊராகக் கொண்டு செல்லும் குழுக்கள் வட சென்னைக்கு வரும்போது, பந்தல், தங்குமிடம், சாப்பாடு ஆகியவற்றை ஏற்பாடு செய்து தர ஆட்கள் கிடைக்கிறார்கள். நாடகத்தை மக்கள் எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்பதைப் பொறுமையாகக் கேட்டு எழுதித் தருவதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. ஆட்டம் முடிந்த கையோடு திரைச்சீலைகளையும் ஒப்பனைப் பெட்டிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு குழு அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிடுகிறது. வாசலில் நாலு பேர் போகிற போக்கில் சொன்ன "நல்லா இருந்துச்சு" என்பதைத் தவிர அவர்கள் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை. அந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு பாட்டைக் குறைக்கவும் முடியாது, கூட்டவும் முடியாது. ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ இந்தப் பொறுப்பை ஏற்க முன்வரும் இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். 'பவளக்கொடி' நாடகத்தையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். பவளத் தேர் கேட்டு அழும் குழந்தையும், பவளம் தேடிப் போகும் வீரனும், பவளக் காட்டில் வாழும் பெண்ணரசியும் வரும் அந்தக் கதை, பாட்டி சொல்லும் கதைக்குரிய எல்லா அழகும் கொண்டது. வயது வேறுபாடின்றி எல்லாரையும் இழுக்கக்கூடியது.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். புதிய நாடகத்துக்கு வருகிறவர் மேடையை மட்டும் பார்க்கிறார். பழகிய நாடகத்துக்கு வருகிறவர் மேடையில் நிற்கும் பவளக்கொடியையும், தம் மனத்தில் ஏற்கெனவே குடியிருக்கும் பவளக்கொடியையும் சேர்த்தே பார்க்கிறார். அவர் சொல்லும் குறையில் ஒரு பகுதி இன்றைய நடிகையைப் பற்றியதாகவும், மறு பகுதி என்றோ கேட்ட குரலின் மீதுள்ள ஏக்கமாகவும் இருக்கும். அவர் சொல்லும் பாராட்டுக்கும் இது பொருந்தும். இவ்விரண்டையும் கலந்து எழுதிவிட்டால் குழுவுக்கு அந்த அறிக்கையால் ஒரு பயனும் இல்லை. பிரித்து எழுதுவதற்கான வழிகளைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

நாடகத்துக்கு முன்

முதலில் கதையை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். அர்ச்சுனனின் மனைவி அல்லி; அவள் மகன் புலந்திரன் பவளத் தேர் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். பவளம் கொண்டுவரப் போன அர்ச்சுனன் பவளக்கொடியைக் கண்டு காதல் கொள்கிறான். கண்ணன் வழக்கம்போல் இடையில் புகுந்து காரியம் நடத்துகிறான். பாரதத்தின் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு நாட்டார் மரபு தானே வளர்த்தெடுத்த கதை இது. வியாசரிடம் இது இல்லை என்று சொல்லி யாராவது வாதிட வந்தால், அந்த வாதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதில் நீங்கள் இறங்காதீர்கள்.

அடுத்து, உங்கள் பகுதி மக்களின் நினைவில் இருக்கும் பவளக்கொடி எந்த வழியாக வந்தது என்று யோசித்துப் பாருங்கள். எல்லாருக்கும் அது ஒரே வழியில் வந்திருக்காது. வால்டாக்ஸ் சாலையில் இருந்த ஒற்றைவாடை நாடகக் கொட்டகையில் கம்பெனி நாடகம் பார்த்த தாத்தாக்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. மேடையில் பாடிப் புகழ்பெற்ற எம்.கே.தியாகராஜ பாகவதரும் எஸ்.டி.சுப்புலட்சுமியும் கே.சுப்பிரமணியம் இயக்கத்தில் நடித்து 1934-இல் வெளிவந்த படத்தின் பெயரைச் சிலர் சொல்வார்கள், 1949-இல் டி.ஆர்.மகாலிங்கம் நடித்து வந்த படத்தைச் சிலர் சொல்வார்கள். கொண்டித்தோப்பில் இருந்த இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போன்ற பதிப்பகங்கள் அச்சிட்ட 'பெரிய எழுத்து'க் கதை நூல்களை வீட்டில் யாரோ ராகம் போட்டுப் படிக்கக் கேட்டவர்கள் உண்டு. ஆடி மாதத்தில் அம்மன் கோயில் தெருவில் விடிய விடியக் கூத்துப் பார்த்துப் பழகியவர்கள் உண்டு. இவர்கள் ஒவ்வொருவரும் வெவ்வேறு அளவுகோலோடு பந்தலுக்குள் நுழைகிறார்கள். கூத்துப் பார்த்துப் பழகியவருக்கு நாடகத்தின் அடவு குறைவாகத் தோன்றும். பாகவதரின் இசைத்தட்டைக் கேட்டவருக்கு எந்தக் குரலும் மெலிந்தே தோன்றும். ஆகவே யாரிடம் பேசினாலும், இந்தக் கதையை முதலில் எங்கே, யார் வாயால் கேட்டீர்கள் என்பதே உங்கள் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

மூன்றாவதாக, குழு எதையெல்லாம் மாற்றியிருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். இதற்குச் சரியான ஆள் ஆர்மோனியக்காரர். மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களில் நடக்கும் ஸ்பெஷல் நாடகம் (அந்தந்த ஆட்டத்துக்கென்று நடிகர்களைச் சேர்த்து நடத்துவது) இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும்வரை நீளும். சென்னைக்கு வரும் மறு அரங்கேற்றத்தை இரண்டரை மணி நேரத்துக்குள் அடக்கியாக வேண்டும். எந்தப் பாட்டு போயிற்று, எந்தப் பாட்டில் சரணம் குறைந்தது, தர்க்கம் (பாத்திரங்களின் வாக்குவாதம்) எவ்வளவு சுருங்கியது, ராஜபார்ட் (கதாநாயகன்) எத்தனை கட்டையில் (சுருதி அளவில்) பாடுகிறார், ஸ்திரீபார்ட்டில் (பெண் வேடத்தில்) பெண் நடிக்கிறாரா ஆண் நடிக்கிறாரா, பபூனுக்கு (கோமாளிக்கு) எத்தனை இடம் இருக்கிறது என்பதையெல்லாம் அவரிடம் கேட்டு, காட்சி வரிசையை ஒரே தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இது கையில் இருந்தால்தான், "அந்தப் பாட்டு வரவே இல்லையே" என்று ஒருவர் ஏமாற்றத்தோடு சொல்லும்போது அது எந்த இடம் என்று உங்களுக்கு விளங்கும்.

பந்தலுக்குள்

முன் வரிசையில் உட்காராதீர்கள். அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் அழைக்கப்பட்டவர்கள். அவர்களுக்குப் பின்னால் இருக்கும் முகங்கள் உங்களுக்குத் தெரியாமல் போகும். பக்கவாட்டில், பந்தல் கால் ஓரமாக, மேடையில் பாதியும் கூட்டத்தில் பாதியும் தெரிகிற இடத்தில் உட்காருங்கள். ஆட்டம் தொடங்குவதற்கு முன் பந்தலின் படத்தைக் குறிப்பேட்டில் வரைந்துகொள்ளுங்கள்: ஜமுக்காளத்தில் குழந்தைகள், பிளாஸ்டிக் நாற்காலிகளில் பெண்கள் பகுதி, ஓரத்தில் நின்றுகொண்டிருக்கும் இளைஞர்கள், பின்னால் இருசக்கர வண்டியில் சாய்ந்தபடி பார்ப்பவர்கள். பிறகு ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் நேரம், காட்சி, பந்தலின் எந்தப் பகுதி என்ற மூன்றையும் எழுத வேண்டும். இம்மூன்றும் இல்லாத குறிப்பை மறுநாள் உங்களாலேயே பயன்படுத்த முடியாது.

கைதட்டல் எல்லார் காதிலும் விழும். அதைக் குறிப்பதில் பெரிய சிரமம் இல்லை. அதைவிட நுட்பமான அடையாளங்களுக்குத்தான் பயிற்சி வேண்டும். ஒரு விருத்தம் முடியும் இடத்தில் கைதட்டல் எழுவதற்கு முன் வரும் மௌனம் எவ்வளவு நீள்கிறது என்று கவனியுங்கள். தெரிந்த பாட்டின் முதல் அடியை ஆர்மோனியம் எடுத்தவுடன் எந்தப் பகுதியிலிருந்து முணுமுணுப்புக் கிளம்புகிறது என்று பாருங்கள். கைபேசியை உயர்த்திப் பிடித்துப் பதிவு செய்வதும், கைபேசியைத் தொடைமேல் வைத்துக்கொண்டு குனிந்திருப்பதும் ஒன்றல்ல. இருட்டில் இரண்டும் ஒரே வெளிச்சமாகத் தெரியும் என்பதால் சற்று எட்டிப் பார்த்து எழுதுங்கள். கானாவில் காது பழகிய வியாசர்பாடி, புளியந்தோப்புப் பிள்ளைகள் நாற்காலியின் கைப்பிடியில் தாளம் தட்டத் தொடங்கினால், மிருதங்கம் அவர்களைப் பிடித்துவிட்டது என்று அறியலாம். அவர்கள் தட்டுவதை எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள் என்பதையும் குறியுங்கள். பெரும்பாலும் பாட்டு நின்று வசனம் நீளும் இடமாக அது இருக்கும்.

பாட்டியும் பேத்தியும் சேர்ந்து உட்கார்ந்திருந்தால், அவர்களை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். கதை தெரிந்த பாட்டி ஒரு படி முன்னால் ஓடுவாள்: "இப்போ பாரு, கிருஷ்ணன் வருவான், ஏமாத்துவான்" என்று பேத்தியின் காதில் சொல்லிக்கொண்டே இருப்பாள், அவள் உதடு ஆர்மோனியத்துக்கு ஒரு நொடி முந்தி அசையும். அந்தப் பேச்சு திடீரென்று நின்றால் மேடையைப் பாருங்கள். தான் எதிர்பார்த்தது அப்படியே நடந்ததால் கரைந்துபோய் நின்றிருக்கலாம். எதிர்பார்த்த காட்சி வராததால் குழம்பியும் நின்றிருக்கலாம். பேத்தி பாட்டியின் கையை இழுத்து "அப்புறம்?" என்று கேட்கிறாளா, அல்லது அவளும் மேடையையே பார்க்கிறாளா என்பதை வைத்து இரண்டில் எது என்று கண்டுகொள்ளலாம். ஒரு மறு அரங்கேற்றம் பழைய தலைமுறைக்கும் புதிய தலைமுறைக்கும் ஒருசேரப் போய்ச் சேர்ந்ததா என்பதை, எனக்குத் தெரிந்தவரை, இதைவிடத் தெளிவாகக் காட்டும் அடையாளம் வேறில்லை.

ஒன்ஸ்மோர் கேட்பது நாடகக் கொட்டகையின் பழைய பழக்கம். இன்றும் பழைய ரசிகர்களிடம் அது இருக்கிறது. யார் தொடங்கினார்கள், மற்றவர்கள் சேர்ந்தார்களா, குழு மறுபடி பாடியதா, பாடியபோது கூட்டம் முன்போலவே கேட்டதா என்று நான்கையும் எழுதுங்கள். நேரமில்லை என்று குழு மறுத்துவிட்டால் அதன் பிறகு பந்தலில் ஏற்படும் தளர்ச்சியையும் எழுதுங்கள். ஒன்ஸ்மோரை மறுக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. ஆயினும் அறிக்கையில் என் கருத்துக்கு இடமில்லை, நடந்ததற்கு மட்டுமே இடம் உண்டு. ரூபாய் நோட்டைச் சட்டையில் குத்துவதையும் ஒலிபெருக்கியில் அன்பளிப்பு அறிவிப்பதையும் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். பாட்டு உருகவைத்ததால் எழுந்து வந்து கொடுப்பவரும் உண்டு. ஊரார் முன் தம் பெயர் ஒலிக்க வேண்டும் என்று கொடுப்பவரும் உண்டு. பாட்டு நடக்கும்போதே வந்த அன்பளிப்பை மட்டும் ரசனையின் அடையாளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பாதியில் எழுந்து போகிறவர்களைப் பற்றி வட சென்னைக்கே உரிய ஓர் எச்சரிக்கை உண்டு. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விடிவதற்கு வெகு நேரம் முன்பே தொடங்கிவிடும். கூடை எடுத்துச் செல்லும் பெண்களும் சுமை தூக்குவோரும் இரவு பத்து மணிக்கு எழுந்து போனால், அது நாடகம் பிடிக்காமல் போனது ஆகாது. எண்ணூர்ப் பக்கம் இரவுப் பணிக்குச் செல்பவர்கள், கும்மிடிப்பூண்டி மார்க்கத்தின் கடைசி மின்சார ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் ஆகியோருக்கும் இதே கணக்குத்தான். எழுந்தவர் வாசல்வரை நேராகப் போகிறாரா, அல்லது பந்தல் ஓரத்தில் நின்று இன்னும் ஒரு பாட்டைக் கேட்டுவிட்டுப் போகிறாரா என்று பாருங்கள். நின்று கேட்டவரை வெறுத்துப் போனவர்களின் கணக்கில் சேர்ப்பது பெரும் பிழை. இதன் மறுபக்கமும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் நாடகம் நடந்தால் மீனவர் குடும்பங்கள் கடைசிவரை உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் வருமானம் இல்லாத மாதங்கள் என்பதால் அன்பளிப்பு குறையும். தேதியைக் கவனிக்காமல் ஆகஸ்ட் மாத ஆட்டத்தையும் மே மாத ஆட்டத்தையும் ஒப்பிட்டால் தவறான முடிவுக்கே வருவீர்கள்.

கேட்கும்போது

"நாடகம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்றுதான் பதில் வரும். ஊர் தேடி வந்த கலைஞர்களைக் குறை சொல்லக் கூடாது என்ற மரியாதை நம் மக்களிடம் உண்டு. அந்த மரியாதையைத் தாண்டிப் பேசவைக்க, கேள்வி ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தொட வேண்டும். "ஆயா, அல்லி கோபப்படுற இடத்துல நீங்க யாரு பக்கம்?" என்று கேட்டுப் பாருங்கள். "அண்ணே, ராஜபார்ட்டு முதல் பாட்டு எடுத்தப்ப உங்களுக்கு என்ன தோணுச்சு?" "அக்கா, வீட்டுக்குப் போனதும் இதுல எதைப் பத்திப் பேசுவீங்க?" "தம்பி, எந்த இடத்துல மொபைல எடுத்தே?" இவை போன்ற கேள்விகளுக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட முடியாது. முதியவர்களிடம் பேசும்போது குனிந்தோ பக்கத்தில் உட்கார்ந்தோ பேசுங்கள். ஒலிவாங்கியை முகத்துக்கு நேரே நீட்டினால் மேடைப் பேச்சுத்தான் வரும். கைபேசியில் பதிவு செய்வதானால் முதலிலேயே சொல்லி இசைவு பெறுங்கள். குழந்தைகளிடம் பெற்றோர் அருகில் இருக்கும்போது மட்டுமே பேசுங்கள். பெயரோ கதவு எண்ணோ உங்களுக்குத் தேவையில்லை, வயதும் பகுதியும் போதும்.

அல்லியைப் பற்றிய கேள்வியை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். மதுரையைத் தனியே ஆண்ட அரசி அவள். அவளுடைய பிள்ளைக்குப் பவளம் கொண்டுவரப் போன கணவன் இன்னொருத்தியை மணந்துகொள்கிறான். பழைய கொட்டகையில் இது சிரிப்புக்கும் சக்களத்திச் சண்டைக்கும் உரிய இடமாக நடத்தப்பட்டது. இன்று பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடையில் நாள் முழுவதும் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து உட்காரும் பெண், அதே இடத்தில் சிரிப்பாள் என்று எதிர்பார்க்க முடியாது. அவள் கோபம் அர்ச்சுனன் மீதா, அந்தக் காட்சியைச் சிரிப்பாக்கிய பபூன் மீதா, அல்லது அதை அப்படியே வைத்திருக்கும் குழு மீதா என்று பொறுமையாகக் கேட்டுப் பிரித்தறியுங்கள். அதே காட்சியில் வயதான பெண்கள் சிலர் மனம்விட்டுச் சிரிப்பார்கள். அவர்கள் சிரிப்பது ஏன் என்றும் கேளுங்கள். அவர்களில் பலர் சிரிப்பது அல்லியைப் பார்த்து அல்ல, மாட்டிக்கொண்டு விழிக்கும் அர்ச்சுனனைப் பார்த்துத்தான். இந்த வேறுபாடு குழுவுக்குத் தெரிய வேண்டும். அந்தக் காட்சியை அடுத்த ஊரில் எப்படி நடத்துவது என்று அவர்கள் யோசிக்க உதவக்கூடியது, அறிக்கை முழுவதிலும் இந்தப் பகுதியாகவே இருக்கும்.

பழைய ரசிகர்கள் குரலைப் பற்றிச் சொல்வதையும் இப்படியே நுணுகிக் கேட்க வேண்டும். "அந்தக் காலத்துப் பாட்டு இல்ல" என்பது ஏக்கம் மட்டும்தான். "கட்டை இறங்கிப்போச்சு" என்பது காதால் கேட்ட உண்மை. அதை ஆர்மோனியக்காரர் கொடுத்த தாளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். ஒலிவாங்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைவரை கேட்க வேண்டும் என்பதற்காக நடிகர்கள் உச்சக் குரலில் பாடினார்கள், எஸ்.ஜி.கிட்டப்பா (1906–1933) போன்றோரின் புகழில் அந்த உச்சத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இன்றைய நடிகர் ஒலிவாங்கியை நம்பிச் சுருதியைக் குறைத்துக்கொள்கிறார். குறைத்ததால் சொல் தெளிவாகக் கேட்டதா, அல்லது பாட்டின் வேகம் போய்விட்டதா என்று இரண்டையும் கேளுங்கள். சௌகார்பேட்டையிலிருந்து வந்திருக்கும் தமிழ் அதிகம் பழகாத பார்வையாளர்களிடமும், தெலுங்கு, உருது பேசும் அண்டை வீட்டாரிடமும் இசையைப் பற்றிக் கேட்க மறக்காதீர்கள். வசனத்தைச் சார்ந்திராமல் பாட்டை மட்டும் கேட்டவர்கள் அவர்கள்.

வாசலில் சுண்டல் விற்பவரிடமும் தேநீர்க் கடைக்காரரிடமும் நாலு வார்த்தை பேசுங்கள். எந்தக் காட்சியில் வியாபாரம் சூடு பிடித்தது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கூட்டம் எந்த இடத்தில் மேடையை விட்டு வெளியே வந்தது என்பதற்கு அதுவே சான்று. மறுநாள் காலையும் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கல்மண்டபம் பக்கம் மீன் வாங்க வரும் இடத்திலும், தெருக்குழாயடியிலும், பள்ளி வாசலிலும் முந்தைய இரவைப் பற்றிய பேச்சு தானாக நடக்கும். அந்தப் பேச்சில் உபசாரம் இருக்காது. எந்தப் பாட்டை ஒரு பிள்ளை பாதி வார்த்தை தெரியாமல் முணுமுணுக்கிறது என்பதைக் கேட்டால் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

எழுதித் தரும்போது

சொன்னவர் சொன்னபடியே எழுதுங்கள். "பாட்டு ஷோக்கா கீது, பேச்சுதான் இழுக்குது" என்று ஒருவர் சொன்னால், அதை "பாடல்கள் சிறப்பாக இருந்தன, வசனங்கள் நீளமாக இருந்தன" என்று மாற்றிவிடாதீர்கள், அவருடைய உற்சாகமும் அலுப்பும் அவர் பேச்சில்தான் இருக்கின்றன. உங்கள் விளக்கம் தேவைப்பட்டால் தனி வரியில் எழுதுங்கள். ஒவ்வொரு கருத்துக்கும் பக்கத்தில், அவர் இந்தக் கதையை முதலில் எப்படி அறிந்தார் என்பதைக் குறிப்பிடுங்கள். முதல் கேள்வியாக அதைக் கேட்கச் சொன்னது இதற்காகத்தான். பாகவதர் படத்தை நினைத்துக்கொண்டு பேசியவரின் குறையும், வாழ்க்கையில் முதல்முறையாகப் பவளக்கொடியைப் பார்த்த கல்லூரி மாணவியின் குறையும் ஒரே இடத்தைச் சுட்டினால், அந்த இடத்தில் குழு கவனம் செலுத்தியே ஆக வேண்டும். பழையவர் மட்டும் சுட்டியது என்றால், அது சரியா தவறா என்பதைக் குழுவின் முடிவுக்கு விட்டுவிடுங்கள்.

"மக்கள் ரசித்தார்கள்" என்று எழுதாதீர்கள். "பெண்கள் பகுதியில், மூன்றாம் காட்சியில், பெரும்பாலோர் கூடவே பாடினார்கள், அதே நேரத்தில் பின்னால் நின்ற இளைஞர்களில் பாதிப் பேர் வெளியே போயிருந்தார்கள்" என்று எழுதுங்கள். பத்துப் பேரிடம் பேசிவிட்டு நூற்றுக்கு இத்தனை விழுக்காடு என்று கணக்குப் போடுவதும் கூடாது. பத்துப் பேர் என்றால் பத்துப் பேர் என்றே இருக்கட்டும். ஒருவர் சொன்ன கடுமையான குறையை மறைக்கவும் வேண்டாம், தலைப்பாக்கவும் வேண்டாம். மற்றவற்றோடு அதன் காட்சி வரிசையில் வரட்டும். நடிகரின் உடல், சாதி, சொந்த வாழ்க்கை பற்றி யாராவது பேசியிருந்தால் அதை மட்டும் அடியோடு நீக்கிவிடுங்கள். ஸ்திரீபார்ட் நடிப்பவர்கள் அப்படிப்பட்ட பேச்சை வேண்டிய மட்டும் கேட்டுவிட்டார்கள். நம் கையால் இன்னொரு முறை அது அவர்களிடம் போய்ச் சேரக் கூடாது.

அறிக்கை நான்கு பக்கத்தைத் தாண்டினால் யாரும் படிக்க மாட்டார்கள். பயணத்தில் இருப்பவர்களுக்கு அதற்கு நேரமும் இருக்காது. காட்சி வரிசைப்படி எழுதி, படம் பிடித்துக் கைபேசியில் அனுப்பினால் போதும். குழு அடுத்த ஊரில் மேடை கட்டத் தொடங்குவதற்குள் அது போய்ச் சேர வேண்டும் என்பதுதான் முக்கியம். முதலில் ஆர்மோனியக்காரருக்கு அனுப்புங்கள், பிறகு குழுத் தலைவருக்கு. எந்தப் பாட்டில் எந்தச் சரணத்தைத் திரும்ப எடுப்பது, எங்கே விரைவாக முடிப்பது என்பதை மேடையில் அந்த நேரத்தில் தீர்மானிப்பவர் ஆர்மோனியக்காரர்தான். அன்று மாலை சுருதிப் பெட்டியைத் திறக்கும்போதே அவரால் அதைப் பயன்படுத்த முடியும்.